கணக்கு முடித்து அனுப்பச் சொல்பவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் தொழில் நடத்தும் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். குடும்பத் தொழிலில் வேலை பார்க்கும் ஆணும் பெண்ணும் காதலிப்பது தெரிந்தால் அன்றைக்கே இருவருக்கும் கணக்கு முடித்து அனுப்பிவிட வேண்டும், பெண் வீட்டாருக்குத் தகவல் சொல்வது முதலாளியின் கடமை என்பது அவர் கருத்து. நானும் ஒரு முதலாளிதான். சிவகாசியில் என் கணவரும் அவர் தம்பியும் சேர்ந்து தொடங்கிய அச்சகத்தை, கணவர் காலமான பிறகு கொழுந்தனாரோடு பாதிப் பங்குதாரராக நடத்தி வருகிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: அவர் முதலில் சொன்னது அநியாயம். இரண்டாவதாகச் சொன்னது உயிருக்கே ஆபத்தானது.

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய கதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்தது. அதிலிருந்து அச்சுத் தொழில் கிளைத்தது. அண்ணன் தம்பி, மாமன் மைத்துனன் என்று குடும்பங்கள்தான் இந்த ஊரைக் கட்டின. ஆகவே 'குடும்பத் தொழிலின் கட்டுக்கோப்பு' என்று அந்த வாசகர் எழுதும்போது எதைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அந்தக் கட்டுக்கோப்புக்குள்தான் என் வாழ்க்கை முழுவதும் கழிந்திருக்கிறது. அதனால்தான் எங்கள் அச்சகத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. சம்பந்தப்பட்ட இருவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

எங்களுடைய முக்கியமான வேலை தினசரி காலண்டர். நாளுக்கு ஒரு தாளாகக் கிழிக்கும் அந்தக் காலண்டரைச் சுவரில் பார்ப்பவர்களுக்கு அதன் பின்னால் இருக்கும் வேலை தெரியாது. ஒரு சின்னத் தாளில் தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, திதி, நட்சத்திரம், யோகம், சந்திராஷ்டமம், நல்ல நேரம், ராகு காலம், குளிகை, எமகண்டம், சூலம், பரிகாரம், பன்னிரண்டு ராசிக்கும் பலன் என்று அத்தனையும் வர வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் போதும். ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் பெண் பார்க்கப் புறப்படும் நேரத்தை மாற்றிக்கொள்வார், அடுத்த வாரம் ஏஜெண்டு தொலைபேசியில் கத்துவார். அதனால் புரூப் பார்க்க, அதாவது அச்சேறும் முன் பிழை பார்க்க, எப்போதும் இரண்டு பேர். ஒருவர் மூலப்பிரதியை வாய்விட்டுப் படிப்பார், மற்றவர் புரூப்பில் விரல் வைத்துச் சரிபார்ப்பார். "திங்கள். ராகு காலம் ஏழரை ஒன்பது. எமகண்டம் பத்தரை பன்னிரண்டு. குளிகை ஒன்றரை மூன்று. சூலம் கிழக்கு. பரிகாரம் தயிர்." இப்படி ஆண்டின் அத்தனை நாளையும் படித்து முடித்தால், இடம் மாற்றி உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

அந்த மேசைக்கு 2013-இல் ஒருவர் வந்தார். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம், எம்.ஏ. தமிழ். தீப்பெட்டி ஆலையில் குச்சி அடுக்கிச் சம்பாதித்த அம்மா படிக்கவைத்த பிள்ளை. 2015-இல் கொழுந்தனாரின் மகள் பி.காம். முடித்துவிட்டுக் கணக்குப் பார்க்க வந்தாள். அந்த ஆண்டுக் காலண்டர் பருவத்தில் புரூப் மேசையில் ஓர் ஆள் குறைந்தது. "நீ போய்ப் படித்துக் கொடு" என்று அவளை அங்கே உட்காரவைத்தவர் அவள் அப்பாதான். கணக்கு வேலை பகலில், புரூப் மாலையில் என்று அதுவே வழக்கமாகிவிட்டது.

புரூப் குறிகளை அவர்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். அதனால் அவள் அவரை 'சார்' என்றாள். முதலாளி மகள் என்பதால் அவர் அவளை 'மேடம்' என்றார். பேப்பர் கிடங்குக்கு மேல் மாடியில் அந்த அறை. கதவு கிடையாது, படிக்கட்டில் ஏறி இறங்கும் எல்லோருக்கும் அவர்கள் படிப்பது கேட்கும். வருடக்கணக்கில் நானும் கேட்டிருக்கிறேன். குரல்களில் இருந்த மாற்றத்தை முதலில் கவனித்தது யார் என்று கேட்டால் பைண்டிங் பகுதிப் பெண்கள் என்றுதான் சொல்வேன். சந்திராஷ்டமம் யாருக்கு என்று படிக்கும்போது, அவருடைய நட்சத்திரம் வந்தால் அவள் ஒரு கணம் நிறுத்திவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவாளாம். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் பைண்டிங்கில் முப்பது வருடமாக இருக்கும் அம்மாள். சொன்னது அவர்கள் திருமணம் முடிந்த பிறகு.

2019 புரட்டாசியில் அவர் மூன்றையும் எட்டையும் மாற்றிப் படிக்கத் தொடங்கினார். அவள்தான் கண்டுபிடித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. "சார், மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஒரு முறை போய்விட்டு வாருங்கள், அதுவரை நான் இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொள்கிறேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். பருவ நேரத்தில் புரூப் பார்ப்பவரின் கண் சரியில்லை என்று தெரிந்தால் என் கொழுந்தனார் அடுத்த நாளே வேறு ஆளைத் தேடியிருப்பார் என்பது அவளுக்குத் தெரியும். கண்ணாடி வரும் வரை மூலப்பிரதியையும் அவளே படித்து, புரூப்பையும் அவளே பார்த்து, திருத்தங்களை அவர் கையெழுத்தில் எழுதவைத்திருக்கிறாள். அதே பருவத்தில்தான் 2020-க்கான காலண்டரில், முந்தைய ஆண்டுக் கோப்பை வைத்துப் பக்கம் அமைத்ததில், பிப்ரவரி 29 விடுபட்டுப் போயிருந்தது. அச்சுக்குப் பிளேட் போடுவதற்கு முந்தின இரவு புதுக் கண்ணாடியோடு உட்கார்ந்து அதைப் பிடித்தவர் அவர். சனிக்கிழமை ஒன்று இல்லாமல் அந்தக் காலண்டர் வெளியே போயிருந்தால் எங்கள் அச்சகத்தின் பெயர் என்னவாகியிருக்கும் என்று தொழில் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2020-இல் ஊரடங்கு வந்தது. சாத்தூரிலிருந்து பஸ் இல்லை. ஆனால் ஆடிப்பெருக்குக்கு அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவது எங்கள் ஊரில் மாறாத வழக்கம். அதற்கு முன்பே வேலை தொடங்கியாக வேண்டும். அவர் தன் வீட்டுத் திண்ணையில் புரூப்போடு உட்கார, இவள் இங்கே கூடத்தில் உட்கார்ந்து தொலைபேசியில் மூலப்பிரதியைப் படித்தாள். அவள் அம்மா, அதாவது என் ஓரகத்தி, பக்கத்து அறையில் அரிசி புடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். பின்னாளில் வீட்டில் பெரிய சண்டை நடந்தபோது அவர் தன் கணவரிடம் சொன்னது இதுதான்: "மாதக்கணக்கில் அவர்கள் பேசியதை நான் கேட்டேன். ராகு காலமும் எமகண்டமும் தவிர ஒரு வார்த்தை அவர்கள் பேசவில்லை. ஆனால் அந்தப் பையன் ஒரு நாள் இருமினான், அவள் அன்று சாப்பிடவில்லை."

2021 ஆடி முடிந்ததும் அவர் என் அறைக்கு வந்து ராஜினாமாக் கடிதத்தை வைத்தார். காரணம் கேட்டேன். "உங்கள் வீட்டுப் பெண்ணைக் கேட்கப் போகிறேன். இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டே கேட்டால் முதலாளி மகளை வளைத்துவிட்டான் என்பார்கள். விலகிவிட்டுக் கேட்கிறேன்" என்றார். கடிதத்தை வாங்க மறுத்துவிட்டு இருவரிடமும் தனித்தனியாகப் பேசினேன்.

எனக்கு இருந்த சந்தேகம் வேறு. எல்லோரும் அவன் அவளை மயக்கினானா என்றுதான் கேட்பார்கள். நான் கேட்டது, அவர் கூலி வாங்குபவர், அவள் முதலாளி வீட்டுப் பெண். வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் அவருக்கு இருந்ததா என்பதை. முதலாளியின் மகன் ஒருவன் வேலைக்கு வந்த பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றால் அந்தப் பெண்ணுக்கு மறுக்க வழி இருக்கிறதா என்று கேட்போம் அல்லவா? இங்கே ஆணும் பெண்ணும் இடம் மாறி நிற்கிறார்கள், அவ்வளவுதான். கேள்வி அதேதான்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "2018-இல் மேடம்தான் முதலில் கேட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்" என்றார்.

எனக்கு அது புதிய செய்தி. கொழுந்தனார் மகளைக் கேட்டேன். ஆமாம் என்றாள். "உங்கள் அப்பாவிடம் சம்பளம் வாங்குகிறேன், இது சரிப்படாது என்றார், பெரியம்மா. சரி என்றேன். மறுநாள் ஆவணி மாதத் தாளைப் படித்தோம்." அந்த ஆண்டின் சம்பளப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன், பதிவேடு அவள் கையில்தான் இருந்தது. எல்லோருக்கும் கொடுத்த தீபாவளி போனஸ் அவருக்கும் குறையாமல் போயிருக்கிறது. லீவு கேட்டபோதெல்லாம் கிடைத்திருக்கிறது. அந்த ஆண்டுப் புரூப்களையும் கிடங்கிலிருந்து எடுத்தேன். அதற்கு முந்தைய ஆண்டுக்கும் அதற்கும் எந்த வேறுபாடும் தெரியவில்லை. மறுத்தவரைப் பழிவாங்காமல், அவர் முகத்தைப் பார்த்து மூன்று பருவம் ராகு காலம் படித்திருக்கிறாள் எங்கள் பெண். அவரும் ஓடிப்போகாமல் இருந்திருக்கிறார். பிறகு அவர் தானாக மனம் மாறி, ஊரடங்கு தளர்ந்து அச்சகத்துக்குத் திரும்பி வந்தபோது, அவளிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பதிவேட்டைப் பார்த்த அன்றைக்கே எனக்கு முடிவாகிவிட்டது. மறுப்பு சொன்னவருக்கு ஒரு ரூபாயும் நஷ்டமாகாத இடத்தில் வந்த சம்மதம் அது. அதை நம்பலாம்.

கடிதம் எழுதிய வாசகர் காதலையும் தொல்லையையும் ஒரே கூடையில் போட்டுவிட்டார். இரண்டுக்கும் நடுவில் இருப்பது இந்த மறுக்கும் உரிமைதான். அவர் உண்மையிலேயே தன் நிறுவனத்தின் பெண்களைப் பற்றிக் கவலைப்பட்டால், 2013-இல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தைப் படிக்கட்டும். பத்து பேர் வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது அது. தலைவர் அங்கே வேலை பார்க்கும் மூத்த பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். பத்து பேருக்கும் குறைவான இடமென்றால், அல்லது புகாரே முதலாளியின் மீது என்றால், மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். குடும்பத் தொழில் நடத்தும் நம்மைப் போன்றவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். குழுவின் தலைவராக முதலாளியின் மனைவியையோ மருமகளையோ உட்காரவைத்தால், முதலாளியின் தம்பி மகனைப் பற்றி யார் வந்து புகார் சொல்வார்கள்? எங்கள் அச்சகத்தில் தலைவர், மேலே நான் சொன்ன பைண்டிங் அம்மாள். யாருடைய முகத்துக்கும் அஞ்சாதவர்.

இந்தக் குழுவைப் பற்றி அந்த வாசகர் ஒரு வரிகூட எழுதவில்லை. காதலிப்பவர்களை அனுப்புவதற்கு மட்டும் ஒரு பத்தி எழுதியிருக்கிறார்.

அனுப்புவது என்றால் யாரை? 'இருவரையும்' என்று எழுதுகிறார். நடைமுறையில் அனுப்பப்படுவது பெண்தான். மெஷின் ஓட்டுபவனை அனுப்பினால் மெஷின் நிற்கும். பேப்பர் மடிக்கும் பெண்ணை அனுப்பினால் மாலைக்குள் வேறு பெண் வருவாள். இதை இந்த ஊரில் எத்தனையோ வருடமாகப் பார்த்து மனம் கசந்துபோனவள் நான். அப்படி அனுப்பப்பட்ட பெண்ணுக்கு அடுத்த தெருவில் உள்ள அச்சகத்திலும் வேலை கிடைக்காது. சேதி அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும்.

பெண் வீட்டுக்குத் தகவல் சொல்வதைப் பற்றி. ஐயா, 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தின் அருகில், பட்டப்பகலில், சாதி மாறி மணம் செய்ததற்காகச் சங்கர் என்ற இளைஞரை வெட்டிக் கொன்றதை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். மனைவி கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். அதைப் பார்த்த பிறகும், ஒரு பெண்ணின் வீட்டுக்குத் தொலைபேசியில் 'உங்கள் மகள் இன்னாரோடு பழகுகிறாள்' என்று ஒரு முதலாளி சொல்லலாமா? சொன்ன பிறகு அந்த வீட்டில் நடப்பதற்கு அவர் பொறுப்பேற்பாரா? வயது வந்த இருவர் மணம் செய்துகொள்ள முடிவெடுத்தால் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீதிமன்றம் கொடுத்த உரிமையைப் பறிக்கும் அதிகாரம் நமக்கு எங்கிருந்து வந்தது? அந்தப் பெண்ணுக்கு நாம் கொடுப்பது கூலி. அவள் வேலைக்கு வந்தது நம்மிடம் தத்துக் கொடுக்கப்பட்டு அல்ல.

எங்கள் வீட்டிலும் சாதி வேறுதான். எங்களைவிட அவர்கள் தாழ்ந்தவர்கள் என்று என் கொழுந்தனார் சொன்னார். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் அதற்கு முன் நான் கேட்டதில்லை. கேட்கும் தேவை வராததால்தான் கேட்டதில்லை என்று அன்று தெரிந்தது. பாகம் பிரித்துக்கொள்ளலாம் என்றார். சரி, பிரிக்கலாம், இரண்டு ஆஃப்செட் மெஷினில் ஒன்று எனக்கு, புரூப் பார்ப்பவர் என் பக்கம் என்றேன். பேச்சு அங்கே நின்றது. அதன்பின் ஒன்றரை வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம், தொழிலைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அவர் பக்கத்து உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து போனார்கள். எங்களிடம் பல வருடமாகச் சரக்கு எடுத்த ஒரு பெரிய ஏஜெண்டு, 'உங்கள் வீட்டு விஷயம் சரியானதும் சொல்லுங்கள்' என்று ஆர்டரை நிறுத்தினார்.

இந்த இடத்தில் என் கல்யாணத்தையும் சொல்லியாக வேண்டும். என் அப்பா பேப்பர் வியாபாரி. அச்சகம் தொடங்கி இரண்டாவது வருடம், பேப்பருக்குக் கடன் கொடுக்க யாரும் இல்லாத நேரத்தில், என்னை இந்த வீட்டுக்குப் பெண் கேட்டார்கள். கல்யாணம் முடிந்ததும் மூன்று மாதத் தவணையில் பேப்பர் வந்து இறங்கியது. நல்ல மனிதரோடு வாழ்ந்தேன், குறையில்லை. ஆனால் அதைத் தொழிலையும் கல்யாணத்தையும் கலப்பது என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் அட்சதை போட்டு வாழ்த்தினார்கள். பங்குதாரர் மகனுக்குப் பெண் கொடுப்பதும் மெஷின் வாங்கச் சீர் வாங்குவதும் நம் ஊர்களில் தொழில் நடத்தும் முறையாகவே இருக்கின்றன. அப்படியிருக்க, ஒரே மேசையில் ஏழெட்டு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் பிழையை ஒருவர் திருத்திய இருவர் சேர்ந்து வாழ விரும்பினால் மட்டும் தொழில் கெட்டுவிடுமா?

அந்த வாசகரின் கவலையில் நியாயமான ஒரு பகுதி உண்டு, அதை மறுக்கவில்லை. பாரபட்சம் வரும். சம்பள ரகசியம் வெளியே போகும். சண்டை வந்தால் மேசைக்கும் வரும். இதற்கெல்லாம் செய்ய வேண்டியது நிர்வாகம். விஷயம் எனக்குத் தெரிந்த அன்றே சம்பளப் பதிவேட்டில் அவர் பெயர் இருந்த பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். அவருடைய சம்பளம், லீவு, முன்பணம் எதிலும் அவள் கையெழுத்து இருக்கக் கூடாது என்று சொன்னேன், இன்றுவரை இல்லை. ஏஜெண்டு கமிஷன் கணக்கை அவர் பார்ப்பதில்லை. மற்றத் தொழிலாளர்களுக்கும் இதைச் சொல்லிவிட்டேன், ஒளிவுமறைவு இல்லாததால் புரளியும் நின்றது. ஒரு நோட்டுப் புத்தகமும் கொஞ்சம் மனமும் இருந்தால் முடிந்துவிடும் காரியத்துக்கு இரண்டு பேரின் பிழைப்பில் மண்ணைப் போட வேண்டியதில்லை.

2022 பருவம் கடினமாக இருந்தது. 2023-க்கான காலண்டர் அது. பஞ்சாங்கம் கணிக்கும் முறை இரண்டு; சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி ஜனவரி 17, வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 20. ஒரே ஆண்டின் இரண்டு முனைகளிலும் ஒரே பெயர்ச்சி! எதைப் போடுவது என்று ஏஜெண்டுகள் இரண்டு பட்டாளமாக நின்றார்கள். வாக்கியத்தை மட்டும் போடுவோம் என்றார் கொழுந்தனார். இரண்டையும் எந்தக் கணிதம் என்று குறிப்போடு போடுவோம் என்றார் புரூப் பார்ப்பவர். அவரோடு நேரடியாகப் பேசுவதைக் கொழுந்தனார் நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்று படியேறி மாடிக்குப் போய், எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பஞ்சாங்கத்தை விரித்து, இரண்டு மணி நேரம் வாதாடினார். கடைசியில் இரண்டும் போட்டோம். கீழே இறங்கி வந்தவர் என்னிடம், "அந்தப் பையனுக்கு வேலை தெரிகிறது, மதினி" என்றார். கல்யாணத்துக்குச் சம்மதம் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அவர் அப்படிச் சொல்லவில்லை.

பொங்கல் முடிந்து அச்சகத்தில் வேலை ஓய்ந்த பிறகு, 2023 தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் திருமணம் நடந்தது. 1967-இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தார்களே, அந்தச் சுயமரியாதை முறையில். புரோகிதர் இல்லை, உறவினரும் நண்பர்களும் சாட்சியாக மாலை மாற்றினால் சட்டப்படி செல்லும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் போனால் முப்பது நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். பேரும் ஊரும் பலகையில் தொங்கும். அது வேண்டாம் என்று வழக்கறிஞர் சொன்னார். பேப்பர் கிடங்கை ஒதுக்கி, பந்தல் போட்டு, பைண்டிங் பெண்கள் கோலமிட்டார்கள். மணமகனின் அம்மா சாத்தூர்க் காராச்சேவு ஒரு டின் நிறையக் கொண்டுவந்திருந்தார். என் ஓரகத்தி வந்தார், மகளுக்குத் தலைவாரிப் பூ வைத்தார். கொழுந்தனார் வரவில்லை. தொண்ணூறு நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதால் அடுத்த வாரமே பதிவும் ஆனது.

இப்போது அவள் கூட்டாண்மைப் பத்திரத்தில் பங்குதாரர். அவள் அப்பா இன்னும் அவர்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. ஆனால் ஒவ்வோர் ஐப்பசியிலும் அரசு விடுமுறைப் பட்டியல் எப்போது வரும், சிவப்பு மையில் எந்தெந்தத் தாளைப் போடுவது என்று மருமகனிடம்தான் கேட்கிறார். ஆர்டரை நிறுத்திய ஏஜெண்டு திரும்ப வரவில்லை. அந்த இழப்பு உண்மையானது, அதையும் கணக்கில் எழுதித்தான் வைத்திருக்கிறோம். அவர்கள் இருவரும் இன்றும் வேலை நேரத்தில் 'சார்', 'மேடம்' என்றுதான் அழைத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கடிதத்தை அனுப்பும் முன் கொழுந்தனாரிடம் படித்துக் காட்டினேன், அவரைப் பற்றியும் எழுதியிருப்பதால். பாகம் பிரிப்பது பற்றிய வரியை எடுத்துவிடச் சொல்வார் என்று நினைத்தேன். அதை ஒன்றும் சொல்லவில்லை. 'தாழ்ந்தவர்கள்' என்று தான் சொன்னதை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். அது இருந்தால்தான் மற்ற வீடுகளில் அதே சொல்லைச் சொல்பவர்கள் இதைப் படிப்பார்கள் என்றேன். யோசித்துவிட்டு, இருக்கட்டும் என்றார். சம்பந்தப்பட்ட வாசகர் நேரில் பேச விரும்பினால் தங்கள் அலுவலகம் மூலமாக எனக்குத் தகவல் கொடுக்கட்டும். பொங்கலுக்குப் பிறகு எந்த நாளும் வரலாம், புரூப் மேசையையும் காட்டுகிறேன். மணமகனின் அம்மா இன்னும் கிராமத்தில்தான் இருக்கிறார் என்பதால் என் பெயரையும் முகவரியையும் தயவுசெய்து வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
அச்சகப் பங்குதாரர் ஒருவர்,
சிவகாசி.